நெடுஞ்சாலையும் மின்சாரக் காரும்

மின்சாரத்தால் ஓடும் கார் அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று. 1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களுள் பெட்ரோல் வண்டிகளைவிட மின்சார வண்டிகளே மிகுதி. பெட்ரோல் கார்களை இலட்சக்கணக்கில் செய்து உலகெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதுகூட, வேறொரு நிறுவனம் செய்த மின்சாரக் காரைத்தான்! புகை இல்லை, இரைச்சல் இல்லை, வண்டியின் முன்னே நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்ப வேண்டிய தொல்லையும் இல்லை.

இத்தனை நலன்கள் இருந்தும் அந்த வண்டி ஏன் மறைந்தது? பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. 1912 இல் பெட்ரோல் காருக்கும் 'ஸ்டார்ட்டர்' வந்துவிட்டது. ஃபோர்டின் கார் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. இவையெல்லாம் காரணங்களே. ஆயினும் மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. பெட்ரோலைத் தகர டின்னில் அடைத்து எந்தச் சிற்றூர்க் கடையிலும் விற்கலாம். மின்சாரமோ அந்நாளில் நகர எல்லையோடு நின்றது. எனவே மின்சார வண்டியும் நகர எல்லையோடு நின்றுவிட்டது. வண்டி தோற்றது என்பதைவிட, அதற்குச் சாலை கிடைக்கவில்லை என்பதே பொருந்தும்.

நூறு ஆண்டுகள் கழித்து அவ்வண்டி திரும்பி வந்தபோது அதே கேள்வியும் கூடவே வந்தது. ஊரைவிட்டு வெளியே போனால் வழியில் என்ன செய்வது? இக்கேள்விக்கு ஏனைய நாடுகளுக்கு முன்னதாக விடை காண முயன்ற நாடு நார்வே. அந்நாட்டின் அனுபவத்தை முதன்மையாக வைத்து இக்கட்டுரையைத் தொடர்வோம்.

பனி நாட்டில் ஒரு பரிசோதனை

ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில் ஒரு நீண்ட கரண்டியைப்போல் கிடக்கும் நாடு நார்வே. மக்கள் தொகை ஏறத்தாழ 56 இலட்சமே. தெற்கே சுவீடன் எல்லையில் நுழையும் இ-6 என்னும் நெடுஞ்சாலை, வடகோடியில் ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்க்கெனஸ் நகர்வரை, அந்நாட்டுக்குள் மட்டும் 2,500 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. மலை, கடல் புகுந்த பள்ளத்தாக்கு, மீண்டும் மலை. ஆண்டில் பாதி நாள் பனி. அந்நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு அருவியிலும் அணைநீரிலும் பிறப்பது. வியப்பு யாதெனில், இதே நாடுதான் கடலுக்கடியிலிருந்து எண்ணெய் எடுத்து விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தது. எண்ணெயைப் பிறருக்கு விற்றுவிட்டுத் தான் மட்டும் தூய காரில் செல்கிறது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமலும் இல்லை.

அங்கே மின்சாரக் காரின் கதை சற்று வேடிக்கையாகவே தொடங்கியது. 'ஆ-ஹா' என்ற இசைக் குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்கெட்டும், சுற்றுச்சூழல் தொண்டர் ஃபிரெடெரிக் ஹௌகேயும், மின்சாரத்தில் ஓடுமாறு மாற்றப்பட்ட ஒரு சிறு ஃபியட் காரை 1989 இல் நார்வேக்குக் கொண்டுவந்தனர். "இவ்வண்டி புகை விடாது, ஆகவே சாலைச் சுங்கம் கட்டமாட்டோம்" என்று சுங்கச் சாவடிகளைக் கடந்துகொண்டே இருந்தனர். அபராதத்துக்கு மேல் அபராதம் விழுந்தது. கார் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது. அதையும் தாமே ஏலத்தில் எடுத்து மறுபடியும் ஓட்டினர்! இந்த விளையாட்டான பிடிவாதம் வீண் போகவில்லை. 1990 இல் மின்சாரக் காருக்கு இறக்குமதி வரி நீங்கியது. 1997 இல் சாலைச் சுங்கம் நீங்கியது. 2001 இல் விற்பனை மீதான மதிப்புக்கூட்டு வரியும் நீங்கியது. 2025 ஆம் ஆண்டில் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை மின்சாரக் கார்கள்.

வரிச் சலுகை காரை வாங்கச் செய்யும். மலை தாண்டி உறவினர் வீட்டுக்கு அதில் போகச் செய்யாது. அதற்குச் சாலையோரத்தில் மின்னேற்று நிலையங்கள் வேண்டும். அவையும் விரைவாக ஏற்றுபவையாக இருத்தல் வேண்டும். 'விரைவாக' என்றால் எவ்வளவு விரைவாக? இங்கே சிறிது கணக்குப் போட வேண்டியுள்ளது. கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், தோழியரே! வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

யூனிட்டும் கிலோவாட்டும்

வீட்டு மின்சாரக் கட்டணச் சீட்டில் 'யூனிட்' என்று காண்கிறோம். அது மின்சாரத்தின் அளவு. குடத்தில் உள்ள தண்ணீரைப் போன்றது. கிலோவாட் என்பது வேகம். குழாயிலிருந்து தண்ணீர் விழும் வேகத்தைப் போன்றது. ஒரு கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் விழுந்தால் ஒரு யூனிட்.

நடுத்தரமான ஒரு மின்சாரக் காரின் பாட்டரி 60 யூனிட் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரிலுள்ள சாதாரணப் பிளக்கில் 230 வோல்ட் அழுத்தமும் 10 ஆம்பியர் ஓட்டமும் இருந்தால், வேகம் 2.3 கிலோவாட். பாட்டரி நிரம்ப 26 மணி நேரம் ஆகும்! இரவில் உறங்கும்போது ஓரளவு ஏற்றிக்கொள்ள இது போதும், வழிப்பயணத்துக்கு ஆகாது. 50 கிலோவாட் எந்திரமானால் ஒரு மணி 12 நிமிடம். 150 கிலோவாட்டானால் கணக்குப்படி 24 நிமிடம்.

பெட்ரோல் பங்கோடு இதை ஒப்பிட்டால் ஒரு செய்தி விளங்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 30 லிட்டர் பாய்ச்சும் ஒரு குழாய், ஒரு நிமிடத்தில் 270 யூனிட் ஆற்றலை வண்டிக்குள் ஊற்றுகிறது. கிலோவாட்டில் சொன்னால் 16,200! எந்த மின்சார எந்திரமும் இதன் அருகே வராது. நல்லவேளையாக, பெட்ரோல் எஞ்சின் அந்த ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாகவே வீணாக்குகிறது. மின்சார மோட்டாரோ பெரும்பகுதியைச் சக்கரத்துக்குத் தருகிறது. அதனால் மின்சாரக் காருக்குக் குறைந்த ஆற்றலே போதும். இல்லையேல் இப்பேச்சே எழுந்திராது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பாட்டரிக்குள் செல்வது ஒருதிசை மின்னோட்டம்; கம்பியில் வருவதோ மாறுதிசை மின்னோட்டம். வீட்டில் ஏற்றும்போது, காருக்குள் இருக்கும் ஒரு சிறு கருவி இதனை மாற்றிக்கொள்கிறது. சிறிய கருவியாகையால் மெதுவாகத்தான் மாற்றும். விரைவு நிலையத்திலோ, பீரோ அளவுள்ள பெரிய மாற்றுக் கருவி வெளியே நிற்கிறது. அது ஒருதிசை மின்னோட்டத்தை நேராகவே பாட்டரிக்கு அனுப்பிவிடுகிறது.

அவ்வாறு அனுப்பினாலும் கடைசிவரை ஒரே வேகத்தில் ஏறாது. காலியான டவுன் பஸ்ஸில் முதலில் ஏறுவோர் மளமளவென்று இடம் பிடிக்கின்றனர். பஸ் நிறைந்தபின் ஒவ்வொருவராக நெருக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும் அல்லவா? பாட்டரிக்குள் லித்தியம் அயனிகளும் கிராஃபைட் அடுக்குகளில் அவ்வாறே இடம் பிடிக்கின்றன. பாட்டரி நிறையும் தறுவாயில் அவசரப்படுத்தினால், அவை உள்ளே புகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து பாட்டரியைக் கெடுத்துவிடும். அதனால் நூற்றுக்கு எண்பது நிரம்பியதும் கார் தானே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. குளிரில் இத்தொல்லை இன்னும் மிகுதி. வழிப்பயணி பத்தில் தொடங்கி எண்பதில் எடுத்துவிட்டுக் கிளம்புவதே நேரத்துக்கு நல்லது.

இனி, சாலைக்கு வருவோம். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 20 யூனிட் செலவாகும். 60 யூனிட் பாட்டரியில் பத்திலிருந்து எண்பதுவரை கிடைப்பது 42 யூனிட். எனவே இரு நிலையங்களுக்கு நடுவே 210 கிலோமீட்டர் செல்லலாம். கடுங்குளிரில் பாட்டரியையும் உட்புறத்தையும் சூடாக்க வேண்டியிருப்பதால், அதே தொலைவுக்கு 28 யூனிட்வரை ஆகக்கூடும். அப்போது 150 கிலோமீட்டர்தான். பத்தாண்டுகளுக்கு முன் நார்வேயில் மிகுதியாக ஓடிய நிஸான் லீஃப் காரின் பாட்டரியோ 24 யூனிட்டே கொள்ளும். பனிக்காலத்தில் அதனை நம்பி 70 கிலோமீட்டருக்கு மேல் செல்லுதல் துணிச்சல்.

இந்த எழுபதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்துச் சொல்லப்போகும் விதியின் பொருள் எளிதில் விளங்கும்.

ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்று

2015 இல் எனோவா என்னும் நார்வே அரசு நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் முக்கியச் சாலைகள் ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர். அவற்றில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது இரண்டு விரைவு எந்திரங்கள். இதனைக் கட்ட முன்வரும் நிறுவனங்களுக்கு அரசு பணம் தரும். ஏன் ஐம்பது? எழுபது செல்லும் கார் ஐம்பதை எளிதில் எட்டிவிடும். ஏன் இரண்டு எந்திரங்கள்? ஒன்று பழுதாகி நின்றால், எழுபது செல்லும் கார் அடுத்த நிலையத்துக்காக நூறு கிலோமீட்டர் செல்ல இயலாதே! பனி கொட்டும் மலைப்பாதையில் இது வெறும் கணக்கன்று. குழந்தைகளோடு செல்லும் ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு.

நாட்டில் மொத்தம் எத்தனை நிலையங்கள் என்ற எண்ணிக்கையைப் பத்திரிகைகள் பெருமையோடு வெளியிடுகின்றன. என் கருத்தில், அந்த எண் சாலையைப்பற்றி அதிகம் சொல்வதில்லை. தலைநகரில் ஆயிரம் எந்திரங்கள் இருந்தாலும், வழியில் ஒரே ஓரிடத்தில் நூற்றைம்பது கிலோமீட்டர் வெற்றிடம் இருந்தால், சிறு பாட்டரிக் காருக்கு அந்தச் சாலையே இல்லை. அந்த நீண்ட இடைவெளிதான் சாலையின் தகுதியைத் தீர்மானிக்கிறது.

அந்த இடைவெளி எங்கே விழும்? ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான். நார்வேயின் வடகோடி மாவட்டமான பின்மார்க்கை எடுத்துக்கொள்வோம். பரப்பில் அது டென்மார்க் நாட்டைவிடப் பெரிது; மக்களோ ஏறத்தாழ 75,000 பேர்தாம். தெற்கே கூட்டமுள்ள சாலைகளில் நிறுவனங்கள் போட்டியிட்டுக்கொண்டு நிலையம் அமைத்தன. 2013 இலேயே டெஸ்லா நிறுவனம் தன் கார்களுக்கென்று ஆறு நிலையங்களை அங்கே திறந்துவிட்டது. ஐரோப்பாவில் அவையே அதன் முதல் நிலையங்கள். பின்மார்க்கிலோ, அரசு பணம் தருகிறேன் என்று சொன்னபோதும் முன்வருவோர் அரிதாயினர். ஏனைய மாவட்டங்கள் இணைந்த பின்னும் அது நெடுநாள் இடைவெளியாகவே நின்றது. நிலையம் இல்லாததால் மக்கள் மின்சாரக் கார் வாங்கவில்லை. கார் இல்லாததால் எவரும் நிலையம் கட்டவில்லை. கோழியா முட்டையா என்னும் பழைய வழக்குத்தான்! பின்னர் வடபகுதிக்கென்றே தனியாக உதவி அளித்துத்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது.

கட்டுவதற்குப் பணம் கொடுத்தும் ஏன் தயங்கினர்? இதன் விடை எந்திரத்தில் இல்லை. அதன் பின்னால் வரும் கம்பியில் இருக்கிறது. 150 கிலோவாட் எந்திரங்கள் பத்து ஒருங்கே இயங்கினால் 1,500 கிலோவாட். 75 வாட் மின்விசிறிகள் 20,000 சுழல்வதற்குச் சமம்! மலையடிவாரத்தில் பத்து வீடுகளுக்காகப் போட்ட கம்பி இதைத் தாங்குமா? புதுக் கம்பி, புது டிரான்ஸ்பார்மர், சில இடங்களில் புதுத் துணை மின் நிலையமே வேண்டும். எந்திரத்தைச் சில நாட்களில் நிறுத்திவிடலாம். கம்பி வந்து சேர மாதங்கள், சில வேளை ஆண்டுகள். அதன் செலவிலும் ஒரு பங்கு நிலையம் வைப்பவர் தலையில் விழுகிறது.

அத்தோடு முடிவதில்லை. பெரிய இணைப்பு வைத்திருப்போரிடம், செலவான யூனிட்டுக்கு மட்டுமன்றி, அந்த மாதத்தில் எட்டிய உச்ச வேகத்துக்கும் கட்டணம் வாங்குவது வழக்கம். கூட்டமுள்ள நிலையத்தில் அக்கட்டணம் ஆயிரம் பேருக்குப் பங்காகிவிடும். மாதத்தில் முப்பது கார் வரும் நிலையத்தில் முப்பது பேர் தலையில் ஏறும், அல்லது உரிமையாளர் தலையில் ஏறும். நிலையத்திலேயே ஒரு பெரிய பாட்டரியை வைத்து, நாள் முழுவதும் கம்பியிலிருந்து மெல்ல நிரப்பி, கார் வரும்போது வேகமாக ஊற்றுவது இதற்கு ஒரு வழி. வீட்டில் தொட்டி கட்டிக் கார்ப்பரேஷன் தண்ணீரைச் சேமிப்பதுபோலத்தான்.

பாஸ்கு விடுமுறையில் வரிசை

இடைவெளிகள் நிரம்பியபின் தொல்லை வேறு உருவம் எடுத்தது. நார்வே மக்களுள் பலருக்கு மலைமேல் சிறு மரவீடு உண்டு. பாஸ்கு விடுமுறைக்கு ஊரே அங்கே கிளம்பிவிடும். பனிச்சறுக்குக் கட்டைகளும் சோளகமுமாக எல்லாரும் ஒரே நாளில் போவர், ஒரே நாளில் திரும்புவர். பெட்ரோல் குழாய் ஒன்றில் ஒரு மணி நேரத்தில் பத்துக் கார் நிரப்பிச் செல்லலாம். மின்சார எந்திரத்திலோ இரண்டு கார்தான். நான்கு குழாய் உள்ள பெட்ரோல் பங்குக்கு ஈடு சொல்ல இருபது எந்திரங்கள் வேண்டும்! ஆயினும் மற்ற நாட்களில் மக்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இரவில் ஏற்றிக்கொள்வதால், அந்த இருபதில் பல ஆளின்றிச் சும்மா நிற்கும். விடுமுறைக் கூட்டத்துக்குக் கட்டுவதா, சாதாரண நாளுக்குக் கட்டுவதா என்பதில் இன்னும் ஒரு முடிவான விடை கிடைத்ததாகத் தெரியவில்லை.

செருகியின் கதையையும் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஜப்பானியக் கார்களுக்கு ஒருவகை, ஐரோப்பியக் கார்களுக்கு வேறுவகை, டெஸ்லாவுக்கு மற்றொருவகை என்று தொடக்கத்தில் குழப்பமாகவே இருந்தது. ஜப்பானிய முறையின் பெயர் 'சாடெமோ'. "ஒரு கோப்பை தேநீர் அருந்தலாமே" என்னும் ஜப்பானியச் சொற்றொடரை அது நினைவூட்டும். கார் ஏறும் நேரத்தில் ஒரு தேநீர் என்பது கருத்தாம். நல்ல பெயர்தான், ஆனால் ஐரோப்பாவில் இப்போது மற்ற முறையே வென்றுவிட்டது. கட்டணம் செலுத்துவதிலும் இதே குழப்பம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி அட்டை, தனிச் செயலி! 2024 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியம், புதிதாக அமைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமுள்ள நிலையங்களில் சாதாரண வங்கி அட்டையாலும் பணம் கட்ட வழி இருத்தல் வேண்டும் என்று விதித்தது.

விதிகளில் அவ்வளவாக எழுதப்படாத ஒன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம். மின்னேற்று நிலையத்தில் அரை மணி. அந்த அரை மணியை இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் தனியே கழிக்க வேண்டி வரலாம். விளக்கு உண்டா, மேலே கூரை உண்டா, திறந்திருக்கும் கழிப்பறை உண்டா, அருகில் ஆள் இருக்கும் கடை உண்டா? ஏதோ ஒரு கட்டடத்தின் பின்புறத்து மூலையில் நிறுத்தப்பட்ட எந்திரம், அது எத்தனை கிலோவாட்டாயினும், அவளுக்குப் பயன்படாது. நிலையத்துக்கு இடம் பார்ப்பவர்கள் மின்கம்பியின் அருகாமையோடு இதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வழி வேறு. 2021 இல் இயற்றிய சட்டத்தால் அந்நாடு நெடுஞ்சாலை நிலையங்களுக்கென்று 500 கோடி டாலரை ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கியது. ஐம்பது மைலுக்கு ஒன்று. சாலையிலிருந்து ஒரு மைலுக்குள். ஒவ்வொன்றிலும் 150 கிலோவாட்டில் நான்கு இணைப்புகள். ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேலான நேரம் எந்திரம் இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். விதிகள் அருமையானவை. ஆனால் அப்பணத்தில் முதல் நிலையம் ஒஹையோ மாநிலத்தில் திறந்தது 2023 டிசம்பரில்தான்; இரண்டு ஆண்டுகள் ஆயிற்று. 2025 பிப்ரவரியில் புதிய அரசு திட்டத்தை நிறுத்தி வைத்தது. மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. ஆகஸ்டில் தளர்த்திய விதிகளோடு மறுபடியும் தொடங்கியது. நிலையம் கட்டுபவருக்குப் பணத்தைவிட, அந்தப் பணம் நாளையும் வரும் என்ற உறுதிதான் முக்கியம் போலும்.

இப்போது லாரிகளின் முறை. நார்வேயில் எனோவா அவற்றுக்கான நிலையங்களுக்கும் உதவத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய விதிப்படி லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை மணிக்கு 360 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய மின்சார லாரி கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் உண்ணுமானால், செலவு 432 யூனிட். அதை அந்த 45 நிமிடத்துக்குள் திருப்பி ஏற்ற 576 கிலோவாட் வேண்டும். இதற்கென்றே ஆயிரம் கிலோவாட்டைத் தாண்டும் புதுச் செருகிகள் வந்துள்ளன. பத்து லாரி ஒரே சமயத்தில் நின்றால் 5,760 கிலோவாட். அப்படிப்பட்ட ஒரு நிலையத்துக்கு இடம் தேடுபவர் முதலில் சாலை வரைபடத்தை விரிப்பதில்லை. உயர் அழுத்த மின்கம்பிகள் செல்லும் வரைபடத்தைத்தான் விரிக்கிறார்.